குடும்பப் பணத்தில் ஒரு பங்கைச் சமூகப் பயன் தரும் முதலீடாக வைப்பது எப்படி? ஆத்தூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: ஆத்தூர் வாசகி

வணக்கம். எங்கள் குடும்பத்திற்கு ஆத்தூருக்கு அருகில் ஒரு ஜவ்வரிசி ஆலையும், ஏற்காட்டில் தாத்தா வாங்கி வைத்த சிறிய காப்பித் தோட்டம் ஒன்றும், சேலத்தில் வாடகை வரும் சில கட்டடங்களும் இருக்கின்றன. அண்மையில் ஓமலூர் சாலையில் இருந்த மனை ஒன்றைக் கிரயம் செய்து கொடுத்ததில், வரி போகப் பெருந்தொகை ஒன்று கைக்கு வந்துள்ளது. இப்படி வரும் பணம் எங்கள் வீட்டில் வழக்கமாக இன்னொரு மனையாகவோ தங்கமாகவோ மாறிவிடும். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் தனித்தனி வீடுகளில் இருந்தாலும் வரவுசெலவு இன்னும் ஒரே பேரேட்டில்தான் நடக்கிறது என்பதால், மூவரும் ஒப்பினால்தான் எந்த முடிவும் நகரும்.

இம்முறை நானும் பெரியப்பா மகனும் ஒரு யோசனை சொன்னோம். தொகையில் ஐந்தில் ஒரு பங்கை, நிலத்துக்கும் நீருக்கும் உழைக்கிறவர்களுக்கும் நன்மை செய்வதோடு முதலும் திரும்பி வரக்கூடிய தொழில்களில் போடலாம் என்பதே அது. இதற்கு மூவரும் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். தர்மத்துக்குக் கொடுப்பதைத் தர்மமாகக் கொடுத்துவிட வேண்டும், தொழிலில் போடுவதைத் தொழிலாகப் போட வேண்டும், இரண்டையும் கலந்தால் நஷ்டம் வரும்போதெல்லாம் "நல்ல காரியம்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி பிறந்துவிடும் என்பது பெரியப்பாவின் வாதம். தாத்தா பெயரில் ஏற்கெனவே பதிவு செய்த அறக்கட்டளை இருப்பதால் அதன் வழியாகவே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. அப்பாவோ, வங்கியிலிருந்து வந்த செல்வ மேலாளர் காட்டிய இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்துப் பங்கு வாங்கும்) மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் போட்டால் லாபமும் குறையாது, பெயரும் கிடைக்கும் என்கிறார்.

எங்கள் ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு தரும் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கலாமா என்ற எண்ணமும் எனக்கு உண்டு. இவற்றில் எது உண்மையிலேயே பயன் தரும், எது சட்டப்படி இயலும், பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர்

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். நீங்கள் கேட்ட வழிகளில் இரண்டு அங்கேயே அடைபட்டுவிடுகின்றன.

வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணத்தை விரும்பிய இடத்தில் போட முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 11(5), அறக்கட்டளைகள் எந்தெந்த வடிவங்களில் மட்டும் பணத்தை வைத்திருக்கலாம் என்று ஒரு பட்டியலே தருகிறது. அஞ்சலகச் சேமிப்பு, வங்கி வைப்பு, அரசுக் கடன் பத்திரம், குறிப்பிட்ட சில பொதுத்துறைப் பத்திரங்கள் என்று போகும் அந்தப் பட்டியலில், புதிதாகத் தொடங்கிய தனியார் நிறுவனம் ஒன்றின் பங்குக்கு இடமில்லை. சித்தப்பா சொல்வதுபோல் அறக்கட்டளைப் பணத்தில் யாரோ ஒருவருடைய சூரிய மின்சக்தி நிறுவனத்தில் பங்கு வாங்கினால், அது எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும், வரி விலக்குக்கே ஆபத்து வரும். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், உங்கள் ஆடிட்டரிடம் இன்றைய பிரிவை எடுத்துவைத்துக் கேளுங்கள். அறக்கட்டளை தானம் கொடுக்கட்டும். முதலீட்டைக் குடும்பத்தின் சொந்தக் கணக்கிலோ நிறுவனத்தின் கணக்கிலோ செய்யுங்கள். குடும்ப நலனுக்கான தனியார் டிரஸ்ட் வேறு வகை. அதற்கு 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுகள் சட்டம் பொருந்தும் என்பதால், டிரஸ்ட் பத்திரத்தில் முதலீட்டு அதிகாரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நீங்கள் பங்கு வாங்க இயலாது. கம்பெனிச் சட்டப்படி அதன் பங்குதாரர்கள் உற்பத்தியாளர்களாகவோ உற்பத்தியாளர் அமைப்புகளாகவோ மட்டுமே இருக்க முடியும். வெளிப்பணக்காரர் கைக்கு நிறுவனம் போய்விடக் கூடாது என்பதற்காகவே வைத்த வேலி அது, என் பார்வையில் சரியான வேலி. அவர்களுக்குப் பணம் சேர வேண்டுமென்றால், இத்தகைய நிறுவனங்களுக்குக் கடன் தருவதையே தொழிலாகக் கொண்ட வங்கிசாரா நிதி நிறுவனங்களின் கடன் பத்திரங்களை வாங்கலாம்.

மற்ற வழிகளில் உங்களுக்குப் பொருந்தக்கூடியது பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வரும் மாற்று முதலீட்டு நிதிகளின் (பெரிய முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் நிதிகள்) முதல் வகை. சமூகத் தாக்க நிதிகள் அந்த வகைக்குள்தான் வருகின்றன. பொதுவாக ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். பணம் பல ஆண்டுகள் முடங்கும். நடுவில் மகள் கல்யாணம் என்று கேட்டால் கிடைக்காது.

சமூகப் பங்குச் சந்தை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2022இல் விதிகள் வந்து, 2023 டிசம்பரில் முதல் வெளியீடு நடந்தது. அங்கே தொண்டு நிறுவனங்கள் வெளியிடுவது வட்டியும் இல்லாத, முதலும் திரும்பாத பத்திரம். பெயரில் பத்திரம் என்று இருந்தாலும் அது ஒழுங்கான கணக்கோடும் வெளிப்படையான அறிக்கையோடும் செய்கிற நன்கொடைதான். அதை உங்கள் ஐந்தில் ஒரு பங்கோடு சேர்க்காமல் தானக் கணக்கில் எழுதுங்கள், பெரியப்பாவும் ஒப்புக்கொள்வார்.


பதில்: அஸ்தம்பட்டி முதலீட்டாளர்

அப்பாவின் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பங்குச் சந்தையில் ஏற்கெனவே பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கை ஒரு ஃபண்ட் வாங்கும்போது, அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போவதில்லை. பங்கை விற்றவருக்குப் போகிறது. நிறுவனம் அதனால் ஒரு மரம் கூடுதலாக நடப்போவதும் இல்லை, ஒரு புகைபோக்கியை மூடப்போவதும் இல்லை. பெரிய நிதியங்கள் வாக்குரிமையைப் பயன்படுத்தி நிர்வாகத்தை நெருக்கினால் ஓரளவு மாற்றம் வரலாம். ஆனால் உங்கள் குடும்பத்தின் தொகைக்காக யாரும் வாக்கை மாற்றிப் போடப்போவதில்லை. இஎஸ்ஜி ஃபண்டுகளின் கையிருப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் முன்வரிசையில் நிற்கும். புகை விடாத தொழில்கள் என்பதால் அவற்றுக்கு மதிப்பெண் எளிதாகக் கிடைக்கிறது. சாதாரண ஃபண்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதனால் அது மோசடி என்று நான் சொல்லவில்லை. செபி 2023 ஜூலையில் இந்த ஃபண்டுகளை ஆறு உத்திகளாகப் பிரித்து, எந்த உத்தி என்பதை ஃபண்டின் பெயரிலேயே காட்ட வேண்டும் என்றும், சொன்ன உத்திப்படியே குறைந்தது 80 சதவீதப் பணத்தைப் போட வேண்டும் என்றும் விதித்தது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் தம் நீர், ஆற்றல், கழிவு, தொழிலாளர் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2022–23 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. எனவே "மனசுக்கு ஒவ்வாத தொழிலில் என் பணம் இருக்க வேண்டாம்" என்பதே நோக்கமானால் அத்தகைய ஃபண்ட் போதும். "என் பணத்தால் ஏதாவது மாற வேண்டும்" என்பது நோக்கமானால் அது போதாது. வெளிநாட்டிலும் இதே கதைதான்: ஒரு பெரிய ஜெர்மானிய வங்கியின் நிதி மேலாண்மைப் பிரிவு, இஎஸ்ஜி ஆய்வு பற்றிச் சொன்னதைச் செய்யவில்லை என்பதற்காக, 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 1.9 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

நம் பக்கத்துத் தொழிலதிபர்கள், சமூகப் பயன் தரும் முதலீட்டுக்கு இம்பாக்ட் என்ற சொல் வருவதற்கு முன்பே காற்றாலை வாங்கியவர்கள். கோவையிலிருந்து கரூர் வரை எத்தனையோ நூற்பாலைக்காரர்கள் முப்பந்தலிலும் உடுமலைப்பேட்டைப் பக்கமும் காற்றாலை நிறுவியதற்கு முதல் காரணம் வருமான வரியில் கிடைத்த தேய்மானச் சலுகை. ஒரு காலத்தில் முதல் ஆண்டிலேயே காற்றாலை விலையில் பெரும்பகுதியைச் செலவாக எழுதிவிட முடிந்தது, 2017இலிருந்து அது 40 சதவீதமாகக் குறைந்தது. நோக்கம் வரிச் சேமிப்பாக இருந்தாலும் மின்சாரம் உண்மையானது, காற்றாலையை நிறுவ முதலும் புதிதாக வந்தது. அந்த வகையில், பெயர்ப்பலகை மாட்டிய ஃபண்டைவிடப் பெயரே வைக்காத அந்தக் காற்றாலைக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். இன்றும் குழுவாகச் சேர்ந்து சூரிய மின் நிலையம் அமைத்துப் பயன்படுத்துவோர் 26 சதவீதப் பங்கு வைத்து 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், அது சொந்த உபயோக மின் நிலையமாகக் கருதப்படும். ஆலை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது ஃபண்டைவிடக் கண்ணில் தெரியும் முதலீடு.

பத்திரமாகவே வைக்க வேண்டும் என்று அப்பா விரும்பினால், மத்திய அரசின் பசுமைக் கடன் பத்திரம் இருக்கிறது. 2023 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரண்டு தவணையாக 16,000 கோடி ரூபாய்க்கு முதன்முதலில் வெளியிட்டார்கள். வட்டி சாதாரண அரசுப் பத்திரத்தை ஒட்டியே இருக்கும், தூக்கம் கெடாது.


பதில்: தலைவாசல் ஆலைக்காரர்

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரே வியப்பு. வெளியே எங்கே போடலாம் என்று மூன்று பெரியவர்களும் இரண்டு இளையவர்களும் யோசிக்கிறீர்கள். உங்கள் ஆலையின் பின்பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

ஜவ்வரிசி ஆலை எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தேக்கி மாவு படிய வைக்கிறோம். இத்தனைக்கும் தண்ணீர்தான் மூலதனம். படிந்த மாவுக்கு மேலே நிற்கிற தண்ணீர் சில மணி நேரத்திலேயே புளித்து நாறத் தொடங்கும். அதை அப்படியே குட்டையில் விட்டால் கிணற்று நீர் கெடும். ஓடையில் விட்டால் கடைசியில் வசிஷ்ட நதிக்குத்தான் போகும். குட்டையில் அழுகும்போது வெளிவரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அதே தண்ணீரை மூடிய கலனில் விட்டு எரிவாயு எடுத்தால், நாற்றமும் போகிறது, ஜவ்வரிசி வறுக்க விறகும் மிச்சமாகிறது, ஜெனரேட்டரும் ஓடுகிறது. நம் பகுதியில் பல ஆலைகள் இதைச் செய்திருக்கின்றன. கலன் கட்ட ஆகும் செலவு எந்த ஆலைக்காரரையும் முதலில் மலைக்க வைக்கும். அரவைப் பருவம் முடிந்த மாதங்களில் கலனுக்குத் தீனி இல்லாமல் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுவதும் உண்மையான தொல்லைதான், திப்பியை (மாவு எடுத்த பின் மிஞ்சும் கிழங்குச் சக்கையை) கரைத்து விட்டுச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் விறகுச் செலவைக் கணக்குப் போட்டால் முதல் திரும்பி வரும் முதலீடு இது.

அடுத்தது விலை. கிழங்கு லாரியிலிருந்து இறங்கியதும் மாதிரி எடுத்து மாவுச்சத்தைப் "பாயிண்ட்" கணக்கில் பார்த்து, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன்னுக்கு விலை போடுகிறோம். அந்தப் பாயிண்டைப் பார்ப்பவர் ஆலைக்காரர், தராசும் ஆலைக்காரருடையது, நடுவில் புரோக்கர். ஒரு பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்கு எவ்வளவு போகும் என்று எந்த விவசாயியிடமும் கேட்டுப் பாருங்கள். அவர் கண் முன்னே மாதிரி எடுத்து, எடை போட்டு, எழுதிக் கொடுத்து, ஏழு நாளில் பணத்தை வங்கிக் கணக்கில் போடுகிற ஆலைக்கு அடுத்த பருவத்தில் கிழங்கு தானாக வரும். அதற்கு வேண்டியது ஒரு தராசும், ஏழு நாளைக்குத் தாங்குகிற நடப்பு மூலதனமும். உங்கள் ஐந்தில் ஒரு பங்கில் ஒரு மூலை போதும்.


பதில்: ஆத்தூர் வாசகி

ஆடிட்டர் ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. அறக்கட்டளையைப் பற்றிய பதிலைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். தலைவாசல் ஐயா சொன்னது சுட்டது என்றாலும் மறுக்க முடியவில்லை. எங்கள் ஆலையில் பழைய கலன் ஒன்று உண்டு. அது பருவத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. ஆனால் ஓர் ஐயம். நம்முடைய சொந்தக் கழிவைச் சுத்தம் செய்வதை இம்பாக்ட் முதலீடு என்று சொல்லிக்கொள்ளலாமா?


பதில்: ஏற்காட்டுத் தோட்டக்காரர்

அம்மா, உங்கள் ஐயம் சரியானது. தலைவாசல் நண்பரின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அவர் சொன்னதில் முதல் பாதி முதலீடு அல்ல. ஆலையை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையில் எழுதியிருப்பதைச் செய்வது கடன். கடனைக் கட்டியதற்கு யாரும் பாராட்டு விழா நடத்துவதில்லை. 2007இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கூட்டத்தில் இம்பாக்ட் முதலீடு என்ற பெயரைச் சூட்டியவர்கள், அளந்து காட்டக்கூடிய நன்மையைத் திட்டமிட்டு உண்டாக்குவதையும் முதலுக்கு வருவாயையும் சேர்த்தே வைத்தார்கள். இந்தப் பணம் இல்லாவிட்டால் அந்த நன்மை நடந்திருக்குமா என்ற கேள்வி அதற்கு அடியில் இருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்துவதை நீங்கள் செய்யாவிட்டாலும் ஒரு நாள் செய்ய வைத்திருப்பார்கள். எனவே அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உங்கள் காப்பித் தோட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த காலம் முதல், இங்கே செடி நிழலில்தான் வளர்கிறது. முன்பு நிழல் தந்தவை மலையின் சொந்த மரங்கள். பிறகு பல தோட்டங்களில் அவற்றின் இடத்தில் சில்வர் ஓக் வந்தது. நேராக வளரும், மிளகு ஏற்றலாம், வெட்டி விற்றால் மரவிலை கிடைக்கும் என்ற காரணங்களால். அதே தோட்டத்தில் பல வகை மரம் மீண்டும் நட்டால் பறவையும் தேனீயும் மண்ணின் ஈரமும் திரும்புகின்றன, ஆனால் மரவிலை போகிறது, நிழல் அதிகமானால் காய்ப்பும் குறையும். இந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிற பணம் எதுவோ அதுதான் பொறுமையான முதல். அதை வங்கி தராது, ஃபண்டும் தராது, குடும்பம்தான் தர முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு விதிப்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை அங்கே விற்க முடியாது. நிலத்தின் இட எல்லைகளையும் காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும் விதி போகவில்லை. பெரிய எஸ்டேட்டுகள் தாமே அளந்துகொள்ளும். நம்மைச் சுற்றி ஒன்றிரண்டு ஏக்கரில் காப்பி வைத்திருக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பங்களுக்கு அளவைக்கும் சான்றிதழுக்கும் யார் செலவு செய்வார்கள்? பத்து இருபது சிறு விவசாயிகளைச் சேர்த்துக் குழுச் சான்றிதழ் வாங்கி, அவர்கள் பழத்தைப் பழுத்தபின் பறித்துக் கொண்டுவந்தால் ஒரே பல்பரில் (பழத்தோலை உரிக்கும் இயந்திரத்தில்) உரித்து, ஒரே களத்தில் காயவைத்து, தரத்துக்கேற்ற விலை கொடுக்கிற ஒரு சிறு நிலையத்தை நீங்கள் உங்கள் தோட்டத்தில் அமைக்கலாம். பச்சைக்காயும் பழமும் கலந்து உருவிக் கொண்டுவந்து வியாபாரியிடம் கிடைத்த விலைக்குப் போடுகிற வழக்கம் அப்போதுதான் மாறும். இது சட்டம் கேட்காதது, நீங்கள் இல்லாவிட்டால் நடக்காதது, முதலும் மெதுவாகத் திரும்பக்கூடியது.


பதில்: தலைவாசல் ஆலைக்காரர்

தோட்டக்காரர் ஐயா சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கழிவுநீர் கடமைதான். ஆனால் கடமையைச் செய்யாமல் வைத்துக்கொண்டு மலையில் மரம் நடுகிற குடும்பத்தைப் பற்றி கீழே ஓடைக்கரையில் இருப்பவர் என்ன நினைப்பார் என்பதும் ஒரு கணக்குதான். வரிசை முக்கியம் என்றே சொல்கிறேன். தவிர, பாயிண்ட் தராசை விவசாயி முன் வைக்கச் சொல்லி எந்த வாரியமும் உத்தரவு போடவில்லை.


பதில்: ஓய்வுபெற்ற ஊரக வங்கியாளர், சேலம்

பெரியப்பாவின் கேள்விக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அவர் சொல்வதில் எச்சரிக்கை இருக்கிறது, அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

நல்ல காரியமும் நல்ல லாபமும் ஒன்றாகவே ஓடும் என்று உலகமே நம்பிய தொழில் சிறுகடன். அந்த நம்பிக்கையில் வெளிநாட்டுப் பணக்காரக் குடும்பங்களின் முதலும் இங்கே வந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சிறுகடன் நிறுவனம் ஒன்று 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தபோது கொண்டாடினார்கள். இரண்டே மாதத்தில், கடன் வசூல் கெடுபிடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகி, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் நின்றது. ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கடன் வாங்கியோர் எண்ணிக்கையையே நன்மையின் அளவாக எழுதிக்கொண்டார்கள். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சேலம் மாவட்டத்தில் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்: வளர்ச்சி வேகத்தை யார் அதிகமாகப் பாராட்டுகிறாரோ, அவரிடம் வசூலிப்பவர் வாசலில் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு நம் மரவள்ளி வயல்களில் பரவிய மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். குருத்து சுருங்கிச் செடி குட்டையாகி, மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். அதை அடக்கியது பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவிடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. ஒருமுறை விட்டால் அது தானே பெருகும்; யாருடைய வயலுக்கும் பறக்கும்; யாரிடமும் கட்டணம் வாங்க முடியாது. எந்த முதலீட்டாளரும் அதில் ஒரு ரூபாய் லாபம் பார்த்திருக்க முடியாது, ஆனால் உங்கள் ஆலைக்குக் கிழங்கு வந்ததில் அந்தக் குளவிக்கும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட காரியங்களுக்குத் தானம்தான் பொருந்தும், அரசுப் பணம்தான் பொருந்தும். அந்த அளவில் பெரியப்பா சொல்வது முழு உண்மை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு நான் சொல்லும் பதில். ஏற்காட்டில் பல்பர் நிலையம், ஆலையில் ஒழுங்காக ஓடும் கலன், ஏழு நாளில் பணம்: இவை சந்தை வட்டியைவிடக் கொஞ்சம் குறைவாகத் தந்தாலும் முதலைக் கரைக்காதவை. அவர் அஞ்சுவது கணக்குக் குழப்பத்துக்கு. அதைத் தடுக்க எளிய வழி, தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்வது: எவ்வளவு வருவாய் குறைந்தாலும் பொறுப்போம், எத்தனை ஆண்டு காத்திருப்போம், எந்த எண்ணைப் பார்த்து நன்மை நடந்தது என்று ஒப்புக்கொள்வோம், எது நடந்தால் மூடிவிடுவோம் என்று. யாருக்கு நன்மை, எவ்வளவு, எவ்வளவு காலம், நாம் இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா, கெட்டுப்போனால் யார் தலையில் விழும் என்ற கேள்விகளை உலக அளவிலும் கேட்கிறார்கள். மூன்று சகோதரர்களும் கையெழுத்திட்டால், "நல்ல காரியம்தானே" என்று பிறகு யாரும் நழுவ முடியாது. பேரேட்டில் தனித் தலைப்பும் வையுங்கள்.


பதில்: ஆத்தூர் வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மூவரையும் உட்காரவைத்து இவற்றைப் படித்துக் காட்டினேன். கலனைச் சரிசெய்யும் செலவு ஆலையின் சொந்தக் கணக்கில், ஐந்தில் ஒரு பங்குக்கு வெளியே நிற்க வேண்டும் என்று சொன்னது பெரியப்பாதான்; தோட்டக்காரர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு சொன்னார். தராசைக் களத்துக்கு முன்னால் நகர்த்துவதற்கு அப்பா இன்னும் தயங்குகிறார். ஏனென்றால் பக்கத்து ஆலைகள் என்ன சொல்லும் என்ற கவலை. ஏற்காட்டு நிலையத்துக்குத் திட்டச் செலவு எடுக்கப் பெரியப்பா மகன் அடுத்த வாரம் மலைக்குப் போகிறார்.

ஆடிட்டர் ஐயாவிடம் ஒரே கேள்வி. கிழங்கு நடும் பருவத்தில் விவசாயிகளுக்கு எங்கள் ஆலையே குறைந்த வட்டியில் முன்பணம் கொடுக்கலாமா?


பதில்: செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர்

வட்டி வேண்டாம் அம்மா. கொள்முதலுக்கான முன்பணமாக, வட்டியில்லாமல், ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் அது வியாபார நடைமுறை. வட்டிக்குக் கொடுப்பதைத் தொடர்ந்து செய்தால் அது தனித் தொழிலாகப் பார்க்கப்படும். 1957ஆம் ஆண்டின் தமிழ்நாடு வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் கேட்பார்கள், 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் கவனிக்க வேண்டி வரும். குறைந்த வட்டி என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் கட்டாயம் எழுதுங்கள்: முன்பணம் வாங்கிய விவசாயி, வெளியே நல்ல பாயிண்ட் விலை கிடைத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கே விற்கலாம் என்று. அந்த வரி இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்தவருக்கே எல்லாக் கிழங்கும், அவர் சொன்னதே விலை என்று ஆகிவிடும். நம் பகுதியில் அப்படித்தான் பல காலம் நடந்திருக்கிறது. வரைவு தயாரானதும் இங்கே பெயர், சர்வே எண் எல்லாம் நீக்கிவிட்டுப் போடுங்கள், பார்க்கிறேன்.